வீட்டுக்கு ஏற்ற வண்டி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் குறளின் பெருமையையும் கம்பன் கவியின் நயத்தையும் எடுத்துரைத்தார்கள். நான் அத்தகைய புலமை உடையவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்பு வரை படித்து, இந்த நாகபுரியிலே இரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாகக் காலம் கழித்து வருபவன். எந்தச் சரக்கை எந்த வாகனில் ஏற்றுவது என்பதே என் அன்றாடக் கணக்கு. அந்தக் கணக்கு அறிவைக்கொண்டு பேசத்தக்க ஒரு பொருளையே எனக்குத் தருமாறு கேட்டுக்கொண்டேன். "ஏழு பேர் செல்லத்தக்க வண்டி வாங்க விரும்பும் குடும்பத்தார், வேன் வகையை வாங்குவதா, எஸ்.யு.வி. வகையை வாங்குவதா?" என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழ்ச் சங்க மேடையில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை உண்டு. நாம் சொந்த ஊரிலே இருந்திருந்தால், நள்ளிரவில் தந்தையாருக்கு மூச்சு முட்டினால் சித்தப்பா வீட்டில் வண்டி இருக்கும். மாமா வீட்டில் ஆள் இருக்கும். ஒன்றுமில்லையானாலும் குரல் கொடுத்தால் தெருவே எழுந்து வரும். இங்கே நாம் உறவை விட்டு வெகுதூரம் வந்து வாழ்கிறோம். ஊரில் தனியே இருக்க இயலாமல், முதுமையில் நம்மோடு வந்து சேர்ந்த பெற்றோர் நம்மில் பலர் வீட்டில் இருக்கிறார்கள். வாயிலில் நிற்கும் வண்டிதான் நமக்குச் சித்தப்பா, அதுதான் மாமா. ஆகையால் அதைத் தேர்ந்தெடுப்பது நம் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டிய ஆராய்ச்சியே ஆகும்.

முதலில் இவ்விரு வகை வண்டிகளின் குலம் கோத்திரத்தைச் சற்றே பார்ப்போம். எஸ்.யு.வி. என்று இன்று அழைக்கப்படும் வண்டிகளுக்கு மூதாதை, இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப். கல்லும் சேறும் நிறைந்த போர்க்களத்தில், பாதை இல்லாத இடத்திலும் செல்லும் பொருட்டு அது ஆக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு மஹிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டிலே பூட்டி விற்கத் தொடங்கினர். அந்த வழியில் 1998-இல் டாட்டா சஃபாரியும், 2002-இல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோவும் வந்தன.

வேன் வகையின் வரலாறு வேறு. அது சரக்கும் சனமும் ஏற்றுவதற்கென்றே பிறந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனத்தார் 1983-ஆம் ஆண்டு இறுதியில், குடும்பத்தார் எளிதில் ஏறி இறங்கத் தாழ்ந்த தரையும், பக்கவாட்டில் நகரும் கதவும் கொண்ட சிறு வேனை வெளியிட்டார்கள். முன் சக்கரங்களே வண்டியை இழுக்குமாறு அமைத்ததனால், பின்புறத்துக்கு விசையைக் கொண்டு செல்லும் நீண்ட தண்டு அதற்குத் தேவைப்படவில்லை. எனவே தரையைத் தாழ்த்த முடிந்தது. நம் நாட்டில் 1984-இல் அறிமுகமான மாருதி வேன், பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்று 2019 வரை விற்பனையில் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளையும், காய்கறி மூட்டைகளையும், நோயாளிகளையும் ஒரே பொறுமையோடு சுமந்த வண்டி அது. 2000-இல் டொயோட்டா குவாலிசும், 2005-இல் இன்னோவாவும், 2012-இல் மாருதி எர்டிகாவும், 2019-இல் ரெனோ டிரைபரும், 2022-இல் கியா கேரன்சும் வந்து, ஏழு பேர் செல்லும் குடும்ப வண்டிக்கு இந்நாட்டில் ஒரு நிலையான இடத்தைப் பெற்றுத் தந்தன.

சுருங்கச் சொன்னால், ஜீப் படையின் வழி வந்தது. வேன் கடையின் வழி வந்தது. இரண்டும் நல்ல குலமே. ஆயினும் நம் வீட்டு வேலை படை வேலையா, கடை வேலையா என்பதை நாம் முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தொழிலில் இதற்கு ஓர் எளிய விதி இருக்கிறது. நிலக்கரியை மேல் திறந்த வாகனில் ஏற்றுவோம். சிமெண்டு மூட்டையையும் அரிசி மூட்டையையும் மூடிய வாகனில் ஏற்றுவோம். திறந்த வாகன் உயர்ந்ததா, மூடிய வாகன் உயர்ந்ததா என்று எவரும் கேட்பதில்லை. சரக்கு எது என்றுதான் கேட்போம். மேலும், ஒவ்வொரு வாகனின் பக்கத்திலும் அதன் வெற்று எடை இவ்வளவு, அது சுமக்கும் எடை இவ்வளவு என்று எழுதியிருக்கும். வெற்று எடை குறைந்து, சுமக்கும் எடை மிகுந்திருப்பதே இலாபமான வாகன். வீட்டுக்கு வண்டி வாங்கும்போது மட்டும் நாம் இவ்விதியை மறந்து, எந்த வண்டி உயரமாக நிற்கிறது, எதன் முகம் சிங்கம் போல் இருக்கிறது என்று பார்க்கிறோம். நம் சரக்கு எது? வயது முதிர்ந்த தாய் தந்தையர், குழந்தைகள், பெட்டி படுக்கை, மாதம் ஒரு முறை மளிகை, வருடம் ஓரிரு முறை நெடும்பயணம். இந்தச் சரக்குக்கு எந்த வாகன் பொருந்தும் என்பதை ஐந்து தலைப்புகளில் ஆராய்வோம்.

முதலாவது, ஏறி இறங்குதல். தாழ்ந்த காரில் அமர்வதற்கு முதியோர் குனிந்து உள்ளே விழ வேண்டியிருக்கிறது. உயர்ந்த எஸ்.யு.வி.யில் காலைத் தூக்கி ஏற வேண்டியிருக்கிறது. வேன் வகையிலோ இருக்கை ஏறத்தாழ இடுப்பின் உயரத்திலேயே அமைந்திருப்பதால், திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டால் போதும். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் வண்டியின் அடி அமைப்பு. ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் போன்றவற்றில் ஏணி போன்ற இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருக்க, அதன்மேல் உடற்கூடு பொருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே தரை உயர்ந்து விடுகிறது. எர்டிகா, கேரன்சு முதலியவற்றில் உடற்கூடும் சட்டமும் ஒன்றேயாதலால் தரை தாழ்ந்திருக்கிறது. வேன் வகையிலும் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. 2016-இல் வந்த இன்னோவா கிரிஸ்டா ஏணிச் சட்டத்தின்மேல் அமைந்தது. 2022 இறுதியில் வந்த இன்னோவா ஹைக்ராஸ் அதனை நீக்கி, முன் சக்கரங்களால் ஓடுமாறு ஆக்கப்பட்டது.

உயரமான வண்டிக்குப் பக்கப் படி வைத்துக்கொண்டால் ஆயிற்று என்று கடைக்காரர் சொல்வார். சேலை உடுத்திய, முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டி, மழையில் நனைந்த அந்தக் குறுகிய படியில் ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்குவதைக் கற்பனை செய்து பாருங்கள். அப்பொழுது அந்தப் படியின் மதிப்பு விளங்கும்.

இங்கே நம் காலனியில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பெயர் வேண்டாம். ஒரு வீட்டில் ஆசையோடு உயரமான வண்டி ஒன்று வாங்கினார்கள். முதல் வாரம் ராம்டெக் மலைக்கு எல்லோரும் போனார்கள். அடுத்த மாதம் வார்தாவுக்கு அருகே சேவாகிராமத்துக்குப் போனார்கள். மூன்றாம் பயணத்தின்போது வீட்டுப் பாட்டியம்மாள், "எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு காரணம் சொன்னார்கள். வயதாகிவிட்டதால் வெளியே செல்லும் விருப்பம் போய்விட்டது என்று வீட்டார் எண்ணிக்கொண்டார்கள். ஓராண்டு கழித்து, ஒரு திருமணத்துக்காகப் பக்கத்து வீட்டாரின் பழைய ஆம்னி வேன் வந்து நின்றது. கதவு பக்கவாட்டில் நகர்ந்தது. பாட்டியம்மாள் எவர் கையையும் பிடிக்காமல் ஏறி, ஜன்னல் ஓரத்தில் அமர்ந்துகொண்டு, "புறப்படலாமே" என்றார்கள்! அந்த அம்மையாருக்குப் போகவில்லையாக இருந்தது விருப்பம் அன்று. ஏற இயலவில்லை, அவ்வளவே. பிறர் தூக்கிவிட ஏறுவதைவிட வீட்டில் இருப்பதே மேல் என்று அவர்கள் முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள். நம் பெரியவர்கள் "முடியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்; "வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். அதைப் புரிந்துகொள்வது நம் கடமை.

இரண்டாவது, கடைசி வரிசை. ஏழு பேருக்கான வண்டி என்று விளம்பரத்தில் இருக்கும். ஏழாமவர் எப்படி உட்காருகிறார் என்று விளம்பரத்தில் இராது. ஏணிச் சட்டமும் பின் அச்சும் உள்ள எஸ்.யு.வி.களில் கடைசி வரிசையின் தரை மேடுபட்டு, அமர்பவரின் முழங்கால் மார்பை நோக்கி உயர்ந்து நிற்கும். வேன் வகையில் கூரை கடைசிவரை உயரம் குறையாமல் செல்வதாலும், தரை தாழ்ந்திருப்பதாலும், வளர்ந்த ஒருவர் ஓரளவு கண்ணியமாக அமரலாம். கடைசி வரிசைக்குச் செல்ல நடு இருக்கையை மடக்கி நுழைய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த இடத்தைப் பெரியவர்களுக்குக் கொடுத்தல் ஆகாது. அது பத்து முதல் இருபது வயது வரை உள்ளவர்களுக்கு உரிய இடம். நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு இருக்கைகள் உள்ள அமைப்பைத் தேர்ந்தால், பின்னே செல்வோர் நடுவே புகுந்து போகலாம். ஆனால் ஒருவருக்கு இடம் குறையும்.

மூன்றாவது, சாமான். இதில் வேன் வகையையும் அளவுக்கு மீறிப் புகழக் கூடாது. 2018-இல் வந்த இரண்டாம் தலைமுறை எர்டிகாவில், மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கியின் கொள்ளளவு 209 லிட்டர். அதாவது இரண்டு நடுத்தரப் பெட்டிகளும் ஒரு பையும். கடைசி வரிசையை மடக்கினால் 550 லிட்டர் ஆகிறது. டிரைபரில் ஏழு பேர் அமர்ந்தால் 84 லிட்டரே மிச்சம். கடைசி வரிசை இருக்கைகளை முற்றிலும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர். ஆகவே, இந்த வண்டிகள் அருகிலுள்ள கோயிலுக்கு ஏழு பேர் செல்வதற்கும், நெடும்பயணத்துக்கு ஐந்து பேர் பெட்டி படுக்கையோடு செல்வதற்கும் உரியவை. ஏழு பேரும், ஏழு பேரின் சாமானும், ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு மூட்டை அரிசியும் ஊறுகாய் ஜாடியும் என்றால், அதற்கு ஏற்ற வண்டி நம் இரயில்தான் என்று நான் தயங்காமல் சொல்வேன்! எரிவாயு வண்டி வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். எர்டிகா போன்ற வண்டியில் சி.என்.ஜி. உருளை டிக்கியின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். எரிபொருளில் மிச்சம், இடத்தில் நஷ்டம்.

எஸ்.யு.வி.யில் சாமான் இடம் மிகுதி என்ற எண்ணமும் எப்போதும் சரியன்று. க்ரெட்டா போன்ற ஐந்து இருக்கை வண்டிகளில் டிக்கி பெரிதே. 433 லிட்டர் என்கிறார்கள். ஆனால் அதில் ஆறாவது ஆளுக்கு இடமில்லை. மூன்று வரிசை உள்ள எஸ்.யு.வி.கள் பலவற்றில் எல்லோரும் அமர்ந்த பிறகு பின்புறக் கதவுக்கும் இருக்கைக்கும் இடையே சில பைகளே நிற்கும்.

நான்காவது, நம் சந்தும் நம் குழந்தைகளும். 2018-இல் வந்த எர்டிகாவின் அகலம் 1735 மில்லிமீட்டர். 2022-இல் வந்த ஸ்கார்ப்பியோ-என் அகலம் 1917 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவு. காகிதத்தில் இது அற்பம். இருபுறமும் ஸ்கூட்டர்கள் நிற்கும் குவார்ட்டர்ஸ் சந்தில் இது மிகப் பெரிது. அதைவிட முக்கியமானது முன்பக்கப் பானெட்டின் உயரம். உயர்ந்து தட்டையாக நிற்கும் முகப்பின் பின்னே அமர்ந்தவருக்கு, வண்டியின் முன் குனிந்து பந்தை எடுக்கும் மூன்று வயதுக் குழந்தை கண்ணில் படாமல் போகக்கூடும். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிலையத்தார் 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முகப்பு உயரம் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட வண்டிகள் நடந்து செல்வோர்மீது மோதினால், 30 அங்குலமும் அதற்குக் குறைவும் உள்ள சரிந்த முகப்புடைய வண்டிகளைவிட மரணம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு மிகுதி என்று கண்டிருக்கிறார்கள். மாலை நேரத்தில் நம் காலனிச் சாலை முழுவதும் பிள்ளைகளின் விளையாட்டு மைதானம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வண்டிக்குள் இருப்பவர் மட்டுமல்லர், அதன் முன்னே நிற்பவரும் நம் குழந்தைகளே.

ஐந்தாவது, செலவு. வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. எடை மிகுந்த வண்டி ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அந்த எடையை இழுத்துச் செல்கிறது. எர்டிகாவின் வெற்று எடை ஏறத்தாழ 1.2 டன், ஃபார்ச்சூனரின் வெற்று எடை ஏறத்தாழ 2 டன். இரண்டும் சுமப்பது ஏழு பேரைத்தான். எர்டிகா பெட்ரோல் வண்டி, கையால் கியர் மாற்றும் வகையில், சோதனைக் கணக்குப்படி லிட்டருக்கு 20.51 கிலோமீட்டரும், எரிவாயுவில் கிலோவுக்கு 26.11 கிலோமீட்டரும் ஓடும் என்கிறார்கள். சாலையில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். எனினும் ஒப்பிட்டுப் பார்க்க இக்கணக்கு உதவும். டயர் தேய்ந்தால் 15 அங்குலச் சக்கரத்துக்குச் செலவாகும் தொகை வேறு. 18 அங்குலச் சக்கரத்துக்குச் செலவாகும் தொகை வேறு.

வரியிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும், 1200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு; அதற்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளுக்கு 40 விழுக்காடு. டிரைபரும் ஈகோவும் முதற்பிரிவில் அடங்கும். எர்டிகா, கேரன்சு, பெரிய எஸ்.யு.வி.கள் எல்லாம் இரண்டாம் பிரிவில் அடங்கும். மாற்றல் உத்தரவு எப்போது வருமோ என்று காத்திருக்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கு 2021-இல் ஏற்பட்ட பி.எச். வரிசைப் பதிவு மிக உதவியானது. மாநிலம் மாறும்போது மறுபதிவுத் தொல்லை இல்லை. அதிலும் வண்டி விலை 10 லட்சத்துக்குக் கீழ் என்றால் 8 விழுக்காடு, 20 லட்சம் வரை 10 விழுக்காடு, அதற்கு மேல் 12 விழுக்காடு என்று வரி விகிதம் ஏறுகிறது. டீசலுக்கு இன்னும் 2 விழுக்காடு கூடுதல். பிராவிடண்டு பண்டிலிருந்து முன்பணம் எடுத்து வாங்குகிற நமக்கு இவையெல்லாம் சிறு கணக்கல்ல.

இவ்வளவு சொன்னதனால் எஸ்.யு.வி. வேண்டாத பொருள் என்று நான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். அதற்கு உரிய இடம் உண்டு. பாலம் கட்டும் இடத்துக்கும், காட்டு வழிக்கும், சுரங்கப் பகுதிக்கும் தினமும் செல்லும் பொறியாளருக்கு அது இன்றியமையாதது. சொந்த ஊர் மலைமேல் இருந்து, மழைக்காலத்தில் மண் வழியே ஏற வேண்டியவருக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி தேவை. ஆனால் எஸ்.யு.வி. என்ற பெயர் உள்ள எல்லாவற்றுக்கும் நான்கு சக்கர விசை இருக்கிறது என்று நம்புவது தவறு. நகரத்தில் மிகுதியாக விற்கும் க்ரெட்டா, ப்ரெஸ்ஸா போன்றவை முன் சக்கரங்களால் மட்டுமே ஓடுபவை. அவை சேற்றில் சிக்கினால், எர்டிகா எப்படி நிற்குமோ அப்படியேதான் நிற்கும். தரையிலிருந்து அடிப்பாகம் உயர்ந்திருப்பது ஒன்றே அவற்றுக்கு மிச்சம். மேடு பள்ளம் நிறைந்த சாலையில் அது உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏழு பேரோடு செல்லும் வேன், பெரிய வேகத்தடையில் அடி தட்டுவது உண்டு. அங்கே மெதுவாகத்தான் ஏற வேண்டும்.

அடுத்தது, எல்லாவற்றிலும் முதன்மையானது: உயிர்ப் பாதுகாப்பு. பெரிய வண்டி என்றாலே பத்திரம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. உயரமான வண்டி திடீரென்று திருப்பினால் கவிழும் வாய்ப்பு மிகுதி. ஆகவே வண்டி நிலை தடுமாறாமல் காக்கும் மின்னணுக் கருவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுபுறம், வேன் வகை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் ஆகாது. மோதல் சோதனையில் 2021-இல் மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 700-உம், 2022-இல் ஸ்கார்ப்பியோ-என்னும் 5 நட்சத்திரம் பெற்றன. எர்டிகாவோ 2019-இல் 3 நட்சத்திரம் பெற்றது; தென்னாப்பிரிக்காவில் விற்கும் எர்டிகா 2024-இல் ஒரே நட்சத்திரம் பெற்றது. இதை மறைத்து எர்டிகாவைப் புகழ்வது நேர்மையன்று. வேன் வகையிலும் முடியும் என்பதற்குச் சான்றாக, இன்னோவா ஹைக்ராஸ் 2025-இல் நம் நாட்டின் பாரத் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றிருக்கிறது. அச்சோதனை 2023 அக்டோபர் முதல் தேதி தொடங்கியது. ஆகவே, எந்த வண்டியானாலும் அந்த வண்டியின் நட்சத்திரக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். பணம் இடம் கொடுக்காவிட்டால், வேகத்தைக் குறைத்துக்கொண்டு இருக்கும் வண்டியைக் கவனமாக ஓட்டுங்கள்.

ஏழு பட்டிகள் உள்ள வண்டியில் எட்டாவது ஆளை மடியில் வைத்துக்கொள்வதை நிறுத்துங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பட்டி அணியாதவருக்கு 1000 ரூபாய் அபராதம். அபராதம் பெரிதன்று, மடியிலிருந்து பறந்துபோகும் குழந்தையின் உயிர் பெரிது.

இவ்வளவு நன்மைகள் இருந்தும் வேன் வகையை வாங்க நம்மவர் ஏன் தயங்குகிறார்கள்? காரணம் கௌரவம். "என்ன, டாக்சி வாங்கியிருக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டுவிடுவாரோ என்ற கூச்சம். வாடகைக்கு வண்டி ஓட்டுவோர் இவற்றை விரும்பி வாங்குவதனால் இப்பேச்சு எழுந்தது. சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். நாள்தோறும் வண்டியை நம்பிப் பிழைக்கும் ஒருவர், தம் சொந்தப் பணத்தைப் போட்டு எதை வாங்குகிறார்? நிற்காமல் ஓடுவதையும், ஆட்கள் எளிதில் ஏறி இறங்குவதையும், செலவு குறைந்ததையும் வாங்குகிறார். அவர் வாங்குகிறார் என்பது அவ்வண்டிக்குக் குறையா, நற்சான்றா? தயாரிப்பாளர்களும் நம் கூச்சத்தை நன்கு அறிந்து, வேனின் ஓரங்களில் கறுப்புப் பட்டைகளை ஒட்டி, முகத்தை முறைப்பாக்கி, எஸ்.யு.வி. போன்று வேடம் கட்டி அனுப்புகிறார்கள். தொழிற்கணக்கு எழுதுவோரும் இன்னோவாவையும் எர்டிகாவையும் ஸ்கார்ப்பியோவையும் ஒரே பிரிவில் சேர்த்து எழுதி, ஈகோ போன்ற பெட்டி வடிவ வண்டிகளை மட்டுமே வேன் என்கிறார்கள். ஆகவே பெயரைப் பார்த்தும் வேடத்தைப் பார்த்தும் முடிவு செய்ய இயலாது.

பின் எப்படி முடிவு செய்வது? ஒரு வழி சொல்கிறேன். வண்டி பார்க்கச் செல்லும்போது நீங்களும் உங்கள் மகனும் மட்டும் போகாதீர்கள். வீட்டிலே மிக மூத்தவரை அழைத்துச் செல்லுங்கள். எவரும் கை கொடுக்காமல் அவரை ஏறச் சொல்லுங்கள். பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். பின் இறங்கச் சொல்லுங்கள். இறங்குவதைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். மூட்டுவலி உள்ளவருக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம். நீங்கள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே சோதனை ஓட்டத்தில் ஒரு சுற்று வாருங்கள். உங்கள் மனைவியாரை ஓட்டுநர் இடத்தில் அமர்த்தி, முன்னே எவ்வளவு தூரத்தில் தரை தெரிகிறது என்று கேளுங்கள். ஊருக்குச் செல்லும் பெட்டி இரண்டை வீட்டிலிருந்தே எடுத்துச் சென்று, எல்லா இருக்கையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கியில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். மாதத் தவணை கட்டப்போவது அவர் அல்லர்.

பிறகு வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்து, சென்ற ஆண்டில் நீங்கள் எங்கெங்கே போனீர்கள் என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடைத்தெரு, ஸ்டேஷன், கோயில், கல்யாணம். சாலை இல்லாத இடத்துக்கு எத்தனை நாள் போனீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலோர் தாளில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும். அவர்களுக்கு வேன் வகையே ஏற்றது என்பது என் துணிபு. அந்த இடம் நிரம்பியிருப்பவர் தயங்காமல் எஸ்.யு.வி. வாங்கட்டும், அவருக்கு அது செலவன்று, தொழிற்கருவி.

அன்பர்களே! வாயிலில் நிற்கும் வண்டியைக் கண்டு அயலார் நம்மை மதிப்பது சில நாளைக்கே. அதனுள்ளே அமர்ந்திருப்பவர்கள் நம்மை மதிப்பது வாழ்நாள் முழுவதும். ஊரைவிட்டு, உறவைவிட்டு, நம்மை நம்பி இத்தனை தொலைவு வந்திருக்கும் பெரியோர், "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று பின்தங்கிப் போகாமல், நம்மோடு ஏறி, நம்மோடு வந்து, நம்மோடு இறங்க வேண்டும். அவ்வாறு அவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி எதுவோ, அதுவே உயர்ந்த வண்டி.